காலுக்குக் கீழே வந்த கூதல்



"சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதப் போறன்" என்று மகளிடம் சொன்னபோது, "எதைப் பற்றி அம்மா?" என்று கேட்டாள். "நிலத்தைப் பற்றி" என்றேன். ஊரில் விட்டுவந்த காணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்து, அவள் முகம் மாறிவிட்டது. நான் சொன்னது அந்த நிலத்தை அல்ல. பத்தடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட என்னுடைய தையல் கொட்டிலின் பலகை நிலத்தை. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பலகை நிலம் எனக்குச் சொல்லித் தந்ததை வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். 2009 மாசியில் செல் துண்டு ஒன்று என் இடது கணுக்காலில் ஏறியது. அந்தச் சித்திரையில் என் கணவரை இழந்தேன். எட்டு வயது மகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, பிறகு உறவினர் வீடுகளில் இருந்து, 2013இல் இலண்டனுக்கு வந்து சேர்ந்தேன். ஹறோவில் இருக்கும் தங்கச்சியின் வீட்டில்தான் அன்றிலிருந்து இருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல். முகாமுக்குப் போகும் முன்பே செய்த தொழில். இங்கும் சாறி பிளவுஸ், பாவாடை தாவணி, கல்யாண உடுப்பு என்று வேலைக்குக் குறைவில்லை. இடத்துக்குத்தான் குறைவு. தங்கச்சிக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். இரவில் மெசின் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவார்கள்.

வீட்டுக் கோடியில் ஒரு பழைய மரக்கொட்டில் இருந்தது. வீட்டின் முந்திய சொந்தக்காரர் புல்லு வெட்டும் மெசினும் சைக்கிளும் வைத்த இடம். இந்த நாட்டில் அநேகமான வீடுகளின் பின்வளவில் இப்படியொரு கொட்டில் நிற்கும். மரச்சட்டம் கட்டி, பக்கங்களுக்குப் பலகை அடித்து, கல் அடுக்கிய உயரத்தில் நிலப்பலகை போட்டிருப்பார்கள். 2017 புரட்டாதியில் அதைக் கூட்டிக் கழுவி என் மெசினைக் கொண்டுபோய் வைத்தேன். எட்டு வருடங்களுக்குப் பிறகு எனக்கென்று ஒரு கதவும் ஒரு திறப்பும் கிடைத்தன. முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருந்தேன். அந்தச் சந்தோஷம் உங்களில் பலருக்கு விளங்கும்.

ஐப்பசி மட்டும் எல்லாம் நல்லாகவே போனது. அதன்பிறகு கூதல் வந்தது. மேலே சுவருக்குப் பஞ்சுப் பாய் வைத்து அடித்திருந்தார்கள். யன்னலும் நல்ல யன்னல். ஒரு சின்ன மின்சார ஹீற்றரும் வாங்கி வைத்தேன். முகத்தில் சூடு அடிக்கும், ஆனால் கால் விறைத்துப் போயிருக்கும். மெசின் மிதியில் வைத்த கால் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். இடது கணுக்கால் இரவு முழுவதும் குத்தும். இரண்டு சோடி காலுறை போட்டேன். பழைய கம்பளம் ஒன்றை விரித்தேன். ஒன்றும் உதவவில்லை. கூதல் சுவரால் வரவில்லை, கூரையால் வரவில்லை. காலுக்குக் கீழே, பலகைகளின் இடுக்கால் வந்தது. கொட்டிலுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெளி இருந்தது. அதற்குள்ளால் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது நான் செய்த வேலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது பிழையான வேலை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கொட்டிலைச் சுற்றி மண்ணை வெட்டி அணைத்தேன். மண் போதாத இடத்தில் பழைய துணிகளையும் பிளாஸ்ரிக் பைகளையும் திணித்தேன். காற்றுப் போக ஒரு விரல் இடமும் விடவில்லை. "ஏனக்கா இந்த மழைக்கை நிண்டு மண் வெட்டுறியள்? உள்ளுக்கு வாங்கோ" என்று தங்கச்சி யன்னலால் கூப்பிட்டாள். எனக்குக் காது கேட்கவில்லை. மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு 2009 ஆவணி மழை மறந்திருக்காது. கூடாரத்துக்குள் வெள்ளம் வந்து, படுத்த பாயே மிதந்தது. நாங்கள் பெண்கள்தான் கையாலும் தட்டாலும் மண்ணை அள்ளி, தறப்பாளின் விளிம்பைச் சுற்றி வரம்பு கட்டினோம். அந்த வரம்புதான் அன்றைக்கு என் பிள்ளையைக் காப்பாற்றியது. அதே கைதான் ஹறோவிலும் வரம்பு கட்டியது. ஒன்று வருகிறதென்றால் உடனே எல்லாத் துவாரத்தையும் அடைத்துவிட வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

காற்று நின்றது உண்மை. இரண்டு கிழமை கொஞ்சம் சுகமாக இருந்தது. பிறகு ஒரு மணம் வரத் தொடங்கியது. உக்கின இலை மணம் போன்ற ஈரலிப்பு மணம். ஸ்திரிக்கைப் பெட்டியின் ஆவியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

2018 மாசி முடிவிலே இங்கே கடும் குளிர் அடித்தது. கிழக்கே இருந்து வந்த காற்றோடு இலண்டனிலும் பனி கொட்டியது. நான்கு நாட்கள் கொட்டிலுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் போனேன். கீழ்த்தட்டில், நிலத்தோடு ஒட்டினாற்போல், ஒரு கல்யாணப் பிள்ளையின் கூறைச் சேலையை வைத்திருந்தேன். பிளவுஸ் வெட்டவும் கரைக்கு உள்துணி பிடிக்கவும் தந்தது. எடுத்து விரித்தால், கரையோடு கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம்! கம்பளத்தைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் முழுவதும் கறுத்துப்போயிருந்தது.

சகோதரிகளே, கூறை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறைக்கலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. விடிய எழும்பிப் போய், அந்தப் பிள்ளையின் தாயிடம் சேலையைக் கொடுத்து நடந்ததைச் சொல்லி அழுதேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அழாதை பிள்ளை. கழுவக் குடுத்துப் பாப்பம். போகாட்டில் கரை வைச்சுத் தைச்சு விடு" என்றா. பாதி கழுவலில் போனது. மிச்சத்தை மறைத்து ஒரு சரிகைக் கரை பிடித்துக் கொடுத்தேன். கழுவிய காசையும் கரையின் காசையும் நானே கட்டினேன். கல்யாணம் நல்லபடி நடந்தது. ஆனால் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. மெசினைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுபோய் மூடி வைத்தேன். இந்த நாட்டில் எனக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலேயக் கிழவர் இருந்தார். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெசின் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று வேலிக்கு மேலால் மகளிடம் விசாரித்திருக்கிறார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் ஒரு ரோச் லைற்றோடு வந்து குனிந்து பார்த்தார். நான் திணித்த துணியை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். பிறகு நிலப்பலகை இரண்டைக் கிளப்பினார். நிலப்பலகையைத் தாங்கிக் குறுக்கே ஓடும் மரங்களைத் தீராந்தி என்போமே, அதில் ஒன்றை ஸ்குறூ றைவரால் குத்தினார். வேகின கிழங்கில் குத்தினதுபோல் உள்ளே இறங்கியது.

அவர் சொன்னதை மகள் எனக்கு விளக்கமாகச் சொன்னாள். மரம் நனைவதால் மட்டும் உக்குவதில்லை. நனைந்த பிறகு காய்வதற்கு வழி இல்லாவிட்டால்தான் உக்கும். மண்ணிலிருந்து ஈரலிப்பு எந்த நாளும் மேலே வந்துகொண்டிருக்கும். கொட்டிலுக்குக் கீழே ஓடும் காற்றுத்தான் அதை வெளியே கொண்டுபோகும். அந்தக் காற்றை நான் மறித்துவிட்டேன். காற்றை மறிக்கக் கூடாது. காற்றுக்கும் காலுக்கும் நடுவில் ஒரு மெத்தை போட வேண்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அதைக் கேட்டதும் எனக்கு அப்புவின் கொம்பறை நினைவு வந்தது. எங்கள் வளவில் நெல் போடும் கொம்பறை கற்களுக்கு மேலேதான் நின்றது. கீழே காற்று ஓடும். பூனை படுத்திருக்கும். ஒருமுறை மழைக்கு விறகு நனைகிறதென்று அம்மா விறகை அதற்குக் கீழே அடுக்க, "நெல்லுக்கு மூச்சு முட்டும், எடு வெளியாலை" என்று அப்பு ஏசினது என் காதில் கேட்டது. எனக்குத் தெரியாத விசயம் ஒன்றும் இல்லை. தெரிந்ததைப் பயம் மறக்கச் செய்துவிட்டது.

அந்த வைகாசியில், வெயில் வந்த பிறகு, நிலத்தை முழுவதும் கழற்றிச் செய்தோம். கிழவர் கதிரையில் இருந்து சொல்லித் தந்தார். வாளும் சுத்தியலும் பிடித்தது நானும் மகளும்தான். "ஆம்பிளை ஒராளைப் பிடிப்பமே அக்கா?" என்று தங்கச்சி கேட்டாள். கூலிக்குக் கொடுக்கக் காசு இல்லை. பங்கருக்கு மரம் வெட்டிக் கூரை போட்ட எனக்கு இது பெரிய வேலையாகவும் தெரியவில்லை.

முதலில் பலகைகளைக் கிளப்பி, அணைத்த மண்ணையெல்லாம் வெட்டி அகற்றினோம். ஒன்பது தீராந்தியில் இரண்டு உக்கியிருந்தன. உக்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மருந்து ஏற்றிய புது மரத்தைப் பக்கத்தில் சேர்த்து ஆணி முடுக்கினோம். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்ரிக் துண்டு வைத்தோம். கல்லின் ஈரம் மரத்தில் ஏறாது. சுற்றிவர உள்ள வெளிக்கு எலி புகாதபடி சின்னக் கண் கம்பிவலை அடித்தோம். காற்றுப் போகும், எலி போகாது.

தீராந்தி ஒவ்வொன்றும் நான்கு அங்குல உயரம். அதன் இரு பக்கமும், மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே, நீளத்துக்குச் சிலாகை அடித்தோம். அந்தச் சிலாகையின் மேல்தான் மெத்தைப் பலகை இருக்கும். இங்கே அதைப் பி.ஐ.ஆர். பலகை என்பார்கள். மஞ்சள் நிற இறுகிய நுரை, இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். ஊரில் ரீ.வி. பெட்டிக்குள் வரும் றிஜிபோமும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் இந்தப் பலகை இரண்டு அங்குலத்தில் தடுக்கும் குளிரைத் தடுக்க றிஜிபோம் மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டும். எட்டடிக்கு நான்கடிப் பலகை மூன்று வாங்கினோம். எனக்கு அது எட்டுக் கல்யாணப் பிளவுஸ் தைத்த காசு. தீராந்திகளுக்கு இடையே பதினான்கு அங்குலம். ஒரு பலகையில் மூன்று கீற்று வெட்டலாம். எட்டு இடைவெளிக்கும் போதும்.

வெட்டுவது என் வேலை. துணி வெட்டுகிற கை பலகையிலும் பிசகவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: வாளால் அறுக்கும்போது மெல்லிய தூள் பறக்கும். மூக்குக்கும் கண்ணுக்கும் கவசம் போட்டுக்கொண்டுதான் அறுக்க வேண்டும். கீற்றுகளை இறுக்கமாக இறக்கி, ஓரத்தில் தெரிந்த சின்ன இடுக்குகளுக்கு ரின்னில் வரும் நுரையை அடித்தோம். நுரை ஊதிப் பெருத்து இறுகிவிடும். மிஞ்சினதைக் கத்தியால் சீவிவிட்டு, பொருத்துகளுக்கு மேல் அலுமினிய நாடா ஒட்டினோம். பலகைக்குக் கீழே இரண்டு அங்குலமும், அதற்கும் கீழே பழைய ஒரு சாண் வெளியும் காற்றுக்கென்று அப்படியே இருந்தன.

அதற்கு மேல் ஒரு பொலித்தீன் விரிப்பு. இதை ஏன் மேலே போட வேண்டும், கீழே போட்டால் என்ன என்று நான் கேட்டேன். கிழவர் ஒரு குளிர்ச் சோடாப் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் போத்தல் வேர்த்தது. அறைக்குள் இருக்கும் சூடான காற்றில் எங்கள் மூச்சு இருக்கிறது, ஸ்திரிக்கைப் பெட்டியின் ஆவி இருக்கிறது. அந்தக் காற்று இடுக்கால் கீழே இறங்கிக் குளிர்ந்த மரத்தில் பட்டால் இப்படித்தான் வேர்த்துத் தண்ணீராகும். ஆகவே ஆவியைச் சூடான பக்கத்திலேயே மறிக்க வேண்டும். விரிப்பின் ஓரங்களைச் சுவரோடு நான்கு விரல் மேலே மடித்து விட்டோம். கடைசியாக, ஈரம் தாங்கும் அமுக்குப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து, பசை பூசி, திருகாணி முடுக்கினோம். சுவரோரம் ஒரு சின்ன விரலளவு இடைவெளி விட்டோம். மரம் மாரியில் பெருக்கும், கோடையில் சுருங்கும். அதற்கும் இடம் வேண்டும்.

மூன்றாம் நாள் பின்னேரம், பலகையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அம்மா, ஏன் அண்டைக்கு அப்பிடி மண் வெட்டினீங்கள்? சித்தி கூப்பிடக் கூப்பிட உங்களுக்குக் கேக்கேல்லை. எனக்குப் பயமாயிருந்தது."

முகாமைப் பற்றி நான் அவளோடு பேசுவதில்லை. கேட்டால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று வாயை மூடிவிடுவேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் கையில் சுத்தியல் இருந்ததாலோ, கண்ணைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேச முடிந்ததாலோ தெரியாது, சொல்லத் தொடங்கினேன். மிதந்த பாயை, வரம்பை, தகப்பனின் கடைசி நாளை. அவள் இடையில் நிறுத்தி, "எனக்கு அந்தப் பாய் ஞாபகமிருக்கு, பச்சைக் கரை" என்றாள். ஒன்பது வருடமாக அவளும் தன் பங்கைத் தனியே வைத்திருந்திருக்கிறாள். கிழவருக்கு எங்கள் பாசை விளங்காது. ஆனாலும் அவர் மெல்ல எழும்பி, தேத்தண்ணி போட்டுவருகிறேன் என்று கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாரியில் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். நிலம் சுடவில்லை, ஆனால் குளிரவும் இல்லை. காலையில் ஒரு மணித்தியாலம் ஹீற்றர் போட்டால் மத்தியானம் மட்டும் சூடு நிற்கிறது. கணுக்கால் நோ முழுக்கப் போகவில்லை. அது போகாது. ஆனால் இரவில் நித்திரை கொள்ள விடுகிறது. கம்பளத்தின் அடியை மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன். காய்ந்தே இருக்கிறது. யாருடைய சேலையையும் கீழ்த்தட்டில் வைப்பதில்லை. அது நான் போட்டுக்கொண்ட சட்டம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் யாரும் இதைச் செய்வதென்றால் இரண்டு விசயத்தைக் கவனியுங்கள். அந்த நுரைப் பலகை நெருப்புப் பிடிக்கக் கூடியது, திறந்தபடி விடாமல் மேலே பலகை போட்டு மூடிவிட வேண்டும். அடைத்த அறைக்குள் காஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, கரிச்சட்டி எதையும் குளிருக்கென்று வைக்காதீர்கள். மணமில்லாத நச்சு வாயு ஆளைக் கொன்றுவிடும். யன்னலைத் தினமும் கொஞ்ச நேரமாவது திறந்து விடுங்கள்.

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கூதலுக்கு நிலம் மூடத் தேவையில்லை. ஈரலிப்பு அங்கும் இருக்கிறது. சீமெந்து நிலம் போடும்போது, மேசனிடம் சொல்லி அடியில் கெட்டிப் பொலித்தீன் விரிக்கச் செய்யுங்கள். மாரி காலத்தில் மண்ணின் ஈரம் மேலே ஏறாது. மண் நிலத்தில் மெசின் வைத்திருப்பவர்கள் நான்கு கல்லின் மேல் பலகை போட்டு அதன்மேல் மெசினையும் துணியையும் வையுங்கள். கீழே காற்று ஓட இடம் விடுங்கள். அந்த இடத்தில் சாமான் அடுக்காதீர்கள்.

வரம்பு கட்டியதற்காக நான் இப்போது என்னை ஏசுவதில்லை. வெள்ளம் வந்த நாளில் அது சரியான வேலை. வெள்ளம் வடிந்த பிறகும் வரம்பை விட்டு வைத்ததுதான் பிழை. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு மூலையில் அப்படியொரு மண் அணை இருக்கலாம். ஒரு வெயில் நாள் பார்த்து, துணைக்குப் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டு, மெல்ல வெட்டி எடுத்துப் பாருங்கள்.

இதை எழுதுவதும் அந்தக் கொட்டிலில் இருந்துதான். காலில் செருப்பு இல்லை. தைக்க இரண்டு பிளவுஸ் இருக்கிறது. மெசினுக்கு எண்ணெய் விட்டாயிற்று.